மூக்காயி வீட்டுக்கு மேலே நின்ற குண்டு

ஐப்பசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு, பீரங்கி மேட்டிலிருந்து புறப்பட்ட பதினேழாவது குண்டு, விழவேண்டிய பொட்டலில் விழாமல், கருவேலங்குடி மூக்காயியின் ஓட்டு வீட்டுக்கு நேர்மேலே வந்து நின்றுவிட்டது. சுழலவில்லை, புகையவில்லை, காற்றுக்கு ஆடவும் இல்லை. மூக்கு கீழே பார்க்க, இரண்டு பனை உயரத்தில், பந்தல் இல்லாத புடலங்காய் போலத் தொங்கிக்கொண்டு நின்றது. நாங்கள் அதை மூன்றாம் நாள்தான் பார்த்தோம். குண்டைக் காணவில்லை என்றால் தரையைப் பார்ப்பதற்கு மட்டும்தான் எங்கள் ஊர் பழகியிருந்தது. இரண்டு நாள் நூறு பேர் குனிந்த தலை நிமிராமல் தேடி, மூன்றாம் நாள் ஒரு காகம் வானத்தில் எதன்மேலோ உட்கார்ந்து மூக்கைத் தீட்டுவதைக் கண்டபிறகுதான் நிமிர்ந்தோம்.

அந்தக் குண்டு காணவில்லை என்று சொன்னவளும் மூக்காயிதான். எங்கள் ஊரில் குண்டு எண்ணுகிறவள் அவள்.

முப்பத்தோரு வருடத்துக்கு முன்னால், எங்கள் முந்திரிக்காடும் வரகுக்கொல்லையுமாக ஆயிரத்து நூறு ஏக்கரைப் பட்டாளத்துக்காரன் பீரங்கி பழக எடுத்துக்கொண்டான். நாங்கள் மறித்தோம். பத்தொன்பது நாள் சிறையில் இருந்தோம். திரும்பி வந்தபோது கொல்லைக்கு வேலி போட்டுச் சிவப்புக் கொடி ஏற்றியிருந்தார்கள். கொடி ஏறினால் சுடுவார்கள், இறங்கினால் ஊர் உள்ளே போகலாம். போய், வெடித்த குண்டின் இரும்புச் சில்லையும் செம்புப் பட்டையையும் பொறுக்கி எடைக்குப் போடலாம். வரகு விளைந்த நிலத்தில் இரும்பு விளைந்தது. மழை பார்க்க வேண்டியதில்லை, பூச்சி விழுவதில்லை. ஐந்தே வருடத்தில், நிலத்தைத் திருப்பிக் கொடு என்று கேட்டவன் பிள்ளைகள் அடுத்த கொடி எப்போது ஏறும் என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

ஆனால் எல்லாக் குண்டும் வெடிப்பதில்லை. வெடிக்காதது மண்ணுக்குள் புதைந்து, சில்லு பொறுக்கும் கைக்குக் காத்திருக்கும். அதற்காகத்தான் எண்ணிக்கை. பீரங்கி முழங்கினால் மூக்காயி ஒரு புளியங்கொட்டையை இடது கொட்டாங்குச்சியில் போடுவாள். குண்டு விழுந்து வெடித்தால் அதை எடுத்து வலது கொட்டாங்குச்சியில் போடுவாள். சாயங்காலம் இடப்பக்கம் எத்தனை கொட்டை மிச்சமோ அத்தனை சாவு மண்ணுக்குள் கிடக்கிறது என்று அர்த்தம். அதைக் கண்டுபிடித்துக் கல் வைத்து அடையாளம் போடும்வரை யாரும் உள்ளே இறங்க மாட்டார்கள். அவளுக்கு முன்னால் எண்ணியவன் ஒருநாள் ஆடு விரட்டப் போய் ஒன்றைத் தவறவிட்டான். அந்த ஒன்றின்மேல் கை வைத்தவன் மூக்காயியின் புருஷன் காசி. அதிலிருந்து பதினான்கு வருடம் அவள்தான் எண்ணினாள். சுடுகிற நாளில் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டாள், கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். ஒரு கொட்டைகூடத் தவறியதில்லை.

குண்டு நிற்பதைப் பார்த்த பட்டாள முகாம், ஒரு மேஜரையும் மூன்று கால் வைத்த கருவியையும் அனுப்பியது. மேஜர் அளந்தார், எழுதினார், "குண்டு அசையா நிலையில் உள்ளது" என்று சொல்லிப் போனார். அடுத்த வாரம் காவல் கூடாரம் வந்தது. கூடாரத்துக்கு எட்டுச் சிப்பாய்கள் வந்தார்கள், எட்டுப் பேருக்குத் தேநீர் போட ஒரு கடை வந்தது, குண்டைப் பார்க்க வருகிறவர்களுக்கு இன்னும் மூன்று கடை வந்தன. மண் சாலை தார்ச் சாலையாயிற்று, நாளுக்கு ஒருமுறை வந்த பேருந்து நான்கு முறை வந்தது, பள்ளிக்கூடத்துக்குக் கூரை வந்தது, வாடகைக்கு விடுவதற்கென்றே மாட்டுக்கொட்டில்களுக்கு ஓடு போட்டுச் சுவர் வைத்தார்கள். தை மாதத்தில் கல்யாணமானவர்கள் எல்லோரும் மாலையோடு வந்து குண்டு தெரியும்படி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். முட்டைக்கு முகாம், பாலுக்கு முகாம், முடிவெட்டுகிறவனுக்கும் துணி தேய்க்கிறவனுக்கும் முகாம் என்று, ஒரு வெடிக்காத குண்டைச் சுற்றி ஊர் முழுக்கப் பூசணிக்கொடி போலப் படர்ந்துவிட்டது.

இதற்கெல்லாம் பணம் வந்த வழிக்கு அபாயப் பகுதி ஒதுக்கீடு என்று பெயர். அதற்கு ஒரே ஒரு நிபந்தனை: குண்டின் நேர்கீழே மனிதர் குடியிருக்க வேண்டும். குடியிருப்பு இல்லையென்றால் அபாயம் இல்லை, அபாயம் இல்லையென்றால் ஒதுக்கீடு இல்லை. காவல் சிப்பாய் காலையும் மாலையும் எட்டிப் பார்த்து "ஆள் இருக்கிறார்" என்று பதிவேட்டில் எழுதினான். சுடுகிற நாளில் மணிக்கு ஒருமுறை எழுதினான். அந்த ஒதுக்கீட்டைக் கேட்டு மனு எழுதியது நான்தான். "மூக்காயி என்னும் விதவைப் பெண் இக்குண்டின் கீழ் வாழ்ந்து வருகிறார்" என்ற வரியும் என்னுடையதுதான். எடுத்த நிலத்துக்கு இதையாவது கக்கட்டும் என்று நினைத்து எழுதினேன். நல்ல வரி என்று நினைத்தேன்.

மாசி மாதம் மூக்காயி மூன்று மூங்கிலை ஒட்டுக்கட்டி, விரற்கடை விரற்கடையாக, ஒரு விரல் அகலத்துக்கு ஒன்றாகக் கோடு போட்டு, முற்றத்தில் நட்டாள். நட்ட பத்தாம் நாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"தோழரே, அது இறங்குது."

"எது?"

"எங்க வீட்டு விருந்தாளி. ஒரு வேட்டுக்கு ஒரு விரற்கடை. வேட்டுப் போடாத நாளு இறங்கலை. பத்து நாளா எண்ணிட்டேன்."

நான் அவளைச் சேவுகனிடம் கூட்டிக்கொண்டு போனேன். சேவுகன் ஊராட்சித் தலைவன். சில்லு வாங்கும் குத்தகையும் முகாமுக்கு முட்டை போடும் குத்தகையும் அவனுடையவை. அவன் வந்து மூங்கிலைப் பார்த்தான், குண்டைப் பார்த்தான், தேநீர்க் கடைகளைப் பார்த்தான்.

"மேஜரு மெசினு வச்சு அளந்து அசையலைன்னு எழுதியிருக்காரு. நீ மூங்கில வச்சுக்கிட்டு இறங்குதுங்குற. யாரு சொன்னா எடுபடும், நீயே சொல்லுக்கா."

"நான் எண்ணிக்கை தப்புனது உண்டா சேவுகா?"

"தப்புனதில்ல. அதான் சொல்றேன், இத வெளிய சொல்லாத. நீ சொன்னா நம்பிருவாங்க."

இருந்தும் நானும் மூக்காயியும் முகாமுக்குப் போனோம். எழுத்தர் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, நிற்கிற குண்டுக்குப் பத்தி இருக்கிறது, விழுந்த குண்டுக்கும் பத்தி இருக்கிறது, இறங்குகிற குண்டுக்குப் பத்தி இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மார்ச் இருபத்தைந்தாம் தேதி, ரேஷன் கடை நிழலில் ஊர் கூடியது. சேவுகன் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்தான்.

"நல்ல சேதி. முகாம்ல இந்த வருசத்துச் சரக்கு எழுநூத்தி இருவது வேட்டு மிச்சம். முப்பத்தொண்ணுக்குள்ள சுட்டுத் தீர்க்கணும்னு உத்தரவு. நாளையிலேருந்து ஆறு நாளு, நாளுக்கு நூத்தி இருவது."

மிச்சம் வைத்தால் உனக்குத் தேவையில்லை என்று அடுத்த வருடம் மேலே இருப்பவன் குறைத்துவிடுவான். அதனால் வருடக் கடைசியில் எதிரியும் இல்லாமல் குறியும் இல்லாமல் சுட்டுத் தீர்ப்பார்கள். இந்த அர்த்தசாஸ்திரம் எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். எழுநூற்று இருபது குண்டின் சில்லு! சனம் கைதட்டியது. பெண்கள் கூடையை எண்ணினார்கள்.

"முப்பது முழம்," என்றாள் மூக்காயி.

கைதட்டல் நின்றது.

"இருவத்துநாலு விரற்கடை ஒரு முழம். எழுநூத்தி இருவதுக்கு முப்பது முழம். என் வீட்டுத் தரைக்கும் அதுக்கும் இன்னைக்கு இருக்குறது இருவத்துநாலே முழம். அப்பறம் எங்க போகும்? சுடவேணாம்னு சொல்லுங்க. இல்ல, என்னைய வெளிய விடுங்க."

"அக்கா, நீ வெளிய வந்தா அன்னைக்கே கூடாரத்தைப் பிரிப்பான். கூடாரம் போனா ரோடு போகும், பஸ்ஸு போகும். உன் மகளுக்கு முகாம் கேண்டீன்ல வேலை எதுக்குக் குடுத்தாங்க? உன் பேரைச் சொல்லித்தானே? ஆறே நாளு. சாமிக்கு விரதம் இருக்குற மாதிரி இருந்துட்டுப் போ."

"நீ இரேன் அந்த விரதம்."

சிலர் சிரித்தார்கள். நான் எழுந்து, சுடுவதை நிறுத்தச் சொல்லி மனு எழுதுகிறேன், எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள் என்றேன். பின்னாலிருந்து ஒருவன், "தோழரே, நீங்க போன தடவை எழுதுன மனுவுலதான் நாங்க சோறு திங்கிறோம். அதைக் கெடுக்க இன்னொண்ணா?" என்றான். இதற்கும் சிரித்தார்கள். முப்பத்தோரு வருடம் இந்த ஊருக்காகத் தொண்டை வறளக் கத்தியவன் நான். எடுத்த பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அப்போது கூட்டத்திலிருந்த கொத்தனார், சண்டை தீர்க்கிறவர் போலக் கையைத் தூக்கினார். "எதுக்கு வாக்குவாதம்? கீழே இடந்தானே பத்தலை? ஓட்டைப் பிரிச்சிருவோம், கூரை தடுக்காது. தரையைத் தோண்டிருவோம். பத்து முழம் தோண்டுனா, முப்பது முழமும் இறங்கட்டுமே, அக்கா தாராளமா நிக்கலாம்."

ஊர் மூச்சு விட்டது. இவ்வளவு சுலபமான விஷயத்துக்கா இத்தனை நேரம் என்று எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று மத்தியானமே ஓடு பிரித்தார்கள், ஒரு ஓடுகூட உடையாமல் பிரித்து அழகாக அடுக்கி வைத்தார்கள். மறுநாளிலிருந்து தினமும் விடியலில் தொடங்கிக் கொடி ஏறுகிற ஒன்பது மணிவரை கடப்பாறையும் மண்வெட்டியும் மண்சட்டியுமாக வீட்டுக்கு ஒரு ஆள் வந்தார்கள். பொதுவேலை என்று எங்கள் ஊர் ஒன்றாகக் கூடியதை நான் நிலமறியலுக்குப் பிறகு அன்றுதான் பார்த்தேன். பெண்கள் வரிசையாக நின்று சட்டி மாற்றினார்கள், பானகம் கரைத்துக் கொடுத்தார்கள். அன்றைக்கு நம் மண்ணை அவன் எடுத்தான்; இன்றைக்கு நாமே எடுத்துக் கொடுக்கிறோம் என்று நான் சொன்னேன். சட்டியை வாங்கு, வரிசை நிற்கிறது என்றார்கள்.

சுட்டார்கள். நாளுக்கு நூற்று இருபது வேட்டு, ஐந்து முழம். முதல் நாள் குண்டு பத்தொன்பது முழத்தில் நின்றது, இரண்டாம் நாள் பதினான்கில், மூன்றாம் நாள் ஒன்பதில். மூன்றாம் நாள் அதன் பச்சை வர்ணமும் மஞ்சள் எழுத்தும் தெரிந்தன. சிப்பாய்கள் கூடாரத்தை நூறு கஜம் தள்ளிப் போட்டார்கள். தேநீர்க் கடைகள் கூடாரத்துக்குப் பின்னால் போயின. கடைக்குப் பின்னால் சனம் போயிற்று. எட்டிப் பார்க்க வருகிற சிப்பாய் மட்டும், வரும்போது நடந்து வந்து, போகும்போது ஓடினான்.

நான்காம் நாள் காலையில் மூக்காயியை ஏணி வைத்துக் குழிக்குள் இறக்கினார்கள். பாய், பானை, இரண்டு கொட்டாங்குச்சி, ஒரு மூட்டை புளியங்கொட்டை. எண்ணிக்கை நின்றுவிடக் கூடாதே. எழுநூற்று இருபது குண்டின் சில்லை எண்ணிக்கை இல்லாமல் யார் பொறுக்குவது? குழிக்குள்ளிருந்தும் அவள் எண்ணினாள். சத்தம் காதுக்கு வருமுன் உள்ளங்காலுக்கு வந்துவிடுகிறது என்றாள். சாயங்காலம் உள்ளிருந்து, "நூத்தி இருவது போச்சு, நூத்திப் பதினெட்டு வெடிச்சுச்சு" என்று குரல் வரும். மேலே ஒருத்தி அதை வாங்கி ஊருக்குச் சொல்லுவாள்.

ஐந்தாம் நாள் விடியலில், ஏழாவது முழத்தில், கடப்பாறை ணங்கென்றது. மண்ணை விலக்கினால், சுவரிலிருந்து சுவர்வரை ஒரே கரும்பாறை. வெடி வைத்து உடைக்கலாமா என்று ஒருவன் கேட்டான். கேட்டவனே தலைக்கு மேலே பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். மற்றவர்கள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறினார்கள்.

கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். முப்பது முழமும் இறங்கினால் குண்டின் மூக்குக்கும் பாறைக்கும் நடுவில் மிஞ்சுவது ஒரே முழம்.

முப்பத்தோராம் தேதி மத்தியானம் மூன்று மணிக்குத் தொண்ணூற்று மூன்றாவது வேட்டுப் போட்டுவிட்டு பீரங்கிக்காரர்கள் தேநீருக்கு நிறுத்தினார்கள். இன்னும் இருபத்தேழு. நாங்கள் பத்துப் பேர் தைரியம் பண்ணிக் குழியோரம் போனோம். குண்டு குழிக்குள்ளே பாதிக்கும் கீழே, சுவர்களுக்கு நடுவில், யாரோ கயிறு கட்டி இறக்கியது போல நின்றது. அதன் மூக்குக்குக் கீழே மூக்காயி குந்தியிருந்தாள். அவள் உச்சிக்கும் அதற்கும் நான்கு விரல்தான் இருந்திருக்கும். அவள் மேலே பார்க்கவில்லை. தலையைத் தூக்க இடமில்லை.

"சேவுகா, இன்னும் இருவத்தேழு இருக்கு," என்றாள். குரல் குண்டில் பட்டு வெண்கலம் போல மேலே வந்தது.

சேவுகன் முழங்காலில் உட்கார்ந்து, நோயாளியிடம் பேசுவது போலப் பேசினான்.

"அக்கா, கொஞ்சம் படுத்துக்க."

"என்ன?"

"மல்லாக்கப் படுத்துக்க. படுத்தா ஒரு முழம் தாராளமாப் போதும். இருவத்தேழும் முடிஞ்சாக்கூட உம்மேல படாது. பதிவேட்டுல நிக்கணும்னு இல்லக்கா, இருக்கணும்னுதான் இருக்கு."

உள்ளே ஒரு கொட்டாங்குச்சி பாறையில் உருண்டது.

"பதினாலு வருசம் உங்க கையும் காலும் போகாம எண்ணிக் குடுத்தேன்டா," என்றாள் மூக்காயி. "ஏணியை இறக்கு."

ஏணி சேவுகனுக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. அவன் அதன்மேல் கை வைத்துக்கொண்டான். "இன்னும் ரெண்டு மணி நேரம்க்கா. அஞ்சு மணிக்குச் சங்கு ஊதிருவான்." நான் ஏணியைப் பிடித்து இழுத்தேன். எழுபது வயதுக் கை. அவன் ஒரு கையால் என்னைத் தள்ளினான், நான் மண்குவியலில் உட்கார்ந்துவிட்டேன். அங்கிருந்த எட்டுப் பேரும் அவரவர் காலைப் பார்த்தார்கள்.

அப்போது சாலையில் ஒரு பெண் ஓடி வந்தாள். கேண்டீன் நீல மேலங்கியைக் கழற்றாமல், கையில் கரண்டியோடு ஓடி வந்தது மூக்காயியின் மகள் செல்லக்கிளி. கரண்டியால் சேவுகனின் விரல்மேல் ஒரு போடு போட்டாள். அவன் உதறிக்கொண்டு எழுந்தான்.

"பாவி, உன் வேலை போயிரும்டி!"

"அதான் போட்டுட்டு வர்றேன் மாமா," என்று ஏணியை இறக்கினாள். "அம்மா, சொவத்தை ஒட்டி வா. தலையைத் தூக்காத. ஏறு."

மூக்காயி குழிச்சுவரோடு சுவராக, குண்டின் பச்சை வயிறு தோளில் உரச உரச ஏறி வந்தாள். மேலே வந்ததும் நிமிர்ந்து நின்றாள். மூன்று நாள் குழிக்குள் குந்தியிருந்த முதுகு. நிமிரும்போது சடசடவென்று சொடுக்கியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. ஏணியை அவள் எடுக்கவில்லை.

"எடம் காலியாத்தான் இருக்கு," என்றாள். "நாலு மணிக்கு எழுத வருவான். யாராவது எறங்குங்க. மூக்காயின்னு பேரு மட்டும் குடுத்துட்டுப் போறேன்."

பீரங்கி மறுபடி முழங்கத் தொடங்கியது. மிச்சம் இருபத்தாறு. இருபத்தைந்து. சேவுகன் கூட்டத்தைப் பார்த்தான். கூட்டம் சேவுகனைப் பார்த்தது. "நீ குட்டையான ஆளுதானே தலைவரே," என்றது ஒரு குரல். "குத்தகை உன்னதுதானே," என்றது இன்னொன்று. அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் கால் வைத்தான். ஒரு படி, இரண்டு படி, மூன்று படி. இருபத்திரண்டு மிச்சம் வைத்து இன்னொரு வேட்டுப் போட்டார்கள். குண்டு அவன் கண்ணுக்கு முன்னால் ஒரு விரற்கடை கீழே போயிற்று. நான்காவது படிக்கு நீட்டிய காலை அவன் அப்படியே மடக்கிக்கொண்டு மேலே வந்து, மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக் கூட்டத்துக்குள் போய் நின்றுகொண்டான்.

அதன்பிறகு யாரும் ஏணிப் பக்கம் போகவில்லை. நூற்று அறுபது வீட்டு ஊரில், ஒருவர் ஒரு மணி நேரம் மல்லாக்கப் படுத்திருந்தால் போதும் என்ற வேலைக்கு ஒருவரும் இல்லை. நாலு மணிக்குச் சிப்பாய் நடந்து வந்தான், குனிந்து பார்த்தான், எங்களைப் பார்த்தான், மறுபடி குனிந்து பார்த்தான். பிறகு பதிவேட்டை முழங்காலில் வைத்து "ஆள் இல்லை" என்று எழுதினான். இந்தத் தடவை அவன் ஓடவில்லை.

ஐந்து மணிக்குள் இருபத்தேழையும் சுட்டுத் தீர்த்தார்கள். முகாமுக்கு ஒரு குறையும் இல்லை. அவர்களுடைய ஒதுக்கீடு அடுத்த வருடத்துக்கு அப்படியே கிடைத்தது என்று கேள்விப்பட்டோம். எங்களுடையதுதான் நின்றது. மறுவாரமே கூடாரத்தைப் பிரித்தார்கள், கூடாரத்துக்குப் பின்னால் கடைகள் போயின, பேருந்து மறுபடி நாளுக்கு ஒன்றாயிற்று. மூக்காயியும் செல்லக்கிளியும் அந்த ஒரு பேருந்தில் ஏறித் திருப்பூர்ப் பக்கம் போய்விட்டார்கள். வழியனுப்ப நான் மட்டும்தான் நின்றேன், என்னிடமும் அவள் பேசவில்லை. பொட்டலில் எழுநூற்று இருபது குண்டின் சில்லும் செம்பும் வெயிலில் மின்னிக்கொண்டு கிடக்கின்றன. கடைசி நாள் எத்தனை வெடித்தது என்று சொல்ல ஆளில்லாததால், வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம்.

குண்டு இன்னும் அங்கேயேதான், பாறைக்கு ஒரு முழம் மேலே நிற்கிறது. கூரையில்லாத வீட்டுக்குள் ஆடுகள் புல் தேடிப் போக ஆரம்பித்தன. ஒன்று தவறி உள்ளே விழுந்துவிடக் கூடாதே என்று ஊர் கூடிப் பேசி, அன்று மாலையே நான்கு வண்டி கருவேல முள் வெட்டிவந்து குழியைச் சுற்றி நெருக்கமாக அடைத்தோம். மூக்காயி அதற்குள் இருந்த மூன்று நாளில், ஒருவருக்கும் முள் வெட்டத் தோன்றவில்லை.